எலியின் காதை எங்கே வைப்பது: 1928 கார்ட்டூனை முழுநீளப் படமாக்க ஒரு சோதனை ஷாட்

டிஸ்னியின் 1928 கார்ட்டூன் ‘ஸ்டீம்போட் வில்லி’யில் வரும் எலிக்கு, அதாவது மிக்கி மவுஸுக்கு, இரண்டு காதும் எப்போதும் வட்டம்தான். நேரே பார்த்தாலும் வட்டம், பக்கவாட்டில் திரும்பினாலும் வட்டம். காகிதத்தில் இது ஒரு விஷயமே இல்லை. ஒரு காசை வைத்துச் சுற்றி வரைந்தால் காது ஆயிற்று. அதே தலையைக் கம்ப்யூட்டரில் மாடலாகச் செய்து திருப்பிப் பாருங்கள். தட்டையாகச் செய்த காது வெறும் கோடாகச் சுருங்கிவிடும். உருண்டையாகச் செய்தால் பக்கவாட்டில் ஒன்று இன்னொன்றின் பின்னால் மறைந்து, ஒற்றைக் காது எலி வந்து நிற்கும். பழைய கார்ட்டூனை இன்றைய முழுநீள அனிமேஷன் படமாக மாற்றும் வேலையில் என்னென்ன இடிக்கும் என்பது இந்தக் காதிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் காதுக்குக் கொஞ்சம் அதிக இடம்.

நாங்கள் செய்ய நினைத்தது 20 விநாடி ஓடும் ஒரே ஒரு ஷாட். ஏழெட்டு நிமிடக் குறும்புக்காகப் பிறந்த ஒரு பாத்திரம் ஒன்றரை மணிநேரக் கதையைத் தாங்குமா என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். நான் பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் ரிக்கிங் செய்கிறேன். அதாவது மாடலுக்குள் எலும்பும் மூட்டும் வைத்து ஆட வைக்கும் வேலை. கூட்டாளி என் தாய்மாமா. சிவாஜி நகரில் போர்டு எழுதியவர், அதற்கு முன் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்தபிறகு தொழில் சுருங்கிவிட்டது, கை சுருங்கவில்லை. அல்சூரில் அவர் வீட்டு மாடி அறையில், ஸ்டுடியோ விட்டு வந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை நடந்தது.

ஏன் இந்தப் படம் என்பதற்கு முதல் காரணம் சட்டம். 1928இல் வெளியான படங்களுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுப் பாதுகாப்பு முடிந்து, 2024 ஜனவரி 1 முதல் அவை பொதுவுடைமை. இந்தியாவில் திரைப்படத்துக்கு 60 ஆண்டுகள். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். ஆனால் அப்படி விடுபட்டது அந்தப் படத்தில் இருக்கிற உருவம் மட்டும்தான். பின்னால் சேர்ந்த அம்சங்களுக்குக் கணக்கு தனி. பெயரும் சின்னமும் வணிகக் குறியாக இன்னமும் டிஸ்னி நிறுவனத்திடம்தான் இருக்கின்றன. ஆகவே எங்கள் எலிக்குப் பெயர் வைக்கவில்லை. கையுறையும் கிடையாது, அது 1929இல்தான் வந்தது. வண்ணமும் வேண்டாம் என்று வைத்தோம். திரையரங்குக்கு வந்த அதன் முதல் வண்ணப்படம் 1935ஐச் சேர்ந்தது. யாராவது இதுபோல் முயல்வதாக இருந்தால் மாடலைத் தொடுவதற்கு முன் இந்த எல்லையைக் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது. வேலையின் வேகத்தில் கை தானாகவே பிற்கால உருவத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது காரணம் அந்தப் படத்தின் முடிவு. கப்பலில் ஆட்டம் போட்ட எலியைக் கேப்டன் பிடித்து உருளைக்கிழங்கு உரிக்க உட்கார வைத்துவிடுவார். ஒரு கிளி வந்து கேலி செய்யும். எலி ஒரு கிழங்கை வீசும், கிளி தண்ணீரில் விழும், படம் முடியும். எனக்கு அந்த முடிவு ஒரு தொடக்கமாகவே பட்டது. தண்டனைக்கு உட்கார்ந்திருக்கும் ஒருவன், தனியாக, கையில் கத்தியும் கிழங்குமாக. அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்க முடிகிற இடம் படத்திலேயே அது ஒன்றுதான். கதைக்கு அந்தக் கேள்வி போதும். எங்கள் ஷாட் அங்கே தொடங்குகிறது: எலி கிழங்கு உரிக்கிறது, மேல்தளத்திலிருந்து ஏதோ தாளம் கேட்கிறது, கை நிற்கிறது, தலை திரும்புகிறது, கத்தியின் பிடியால் வாளியில் அதே தாளத்தைத் தட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான். சிரிப்புக் காட்சி எதுவும் இல்லை. சிரிப்பு இல்லாத 20 விநாடியை இந்த முகம் தாங்கினால், மற்றதையும் தாங்கும்.

சரி, காது. முதலில் செய்தது உருண்டை. கறுப்பு வண்ணத்தில், வெளிச்சம் படாத மெட்டீரியல் கொடுத்தால் உருண்டை எந்தக் கோணத்திலும் வட்டமாகத் தெரியும் என்பது உண்மை. பக்கவாட்டில் ஒன்றாகிப் போவதுதான் சிக்கல். அடுத்து, தட்டை வட்டம் இரண்டு செய்து, அவை எப்போதும் கேமராவைப் பார்க்கும்படி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ‘டிராக் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்ற கட்டு போட்டேன். வட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் தலையில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை எந்தக் கன்ஸ்ட்ரெயின்டும் சொல்லாது.

அதை மாமா சொன்னார். சார்ட் தாளில் கட்டம் போட்டார். பேனர் காலத்துப் பழக்கம் அது, சின்னப் படத்தைப் பெரிதாக்க முதலில் கட்டம் போடுவார்கள். தூரிகையால் தலையை மூன்று நிலையில் வரைந்தார். நேர்முகத்தில் கடிகாரத்தின் பத்து மணி இடத்தில் ஒரு காது, இரண்டு மணி இடத்தில் ஒரு காது. முக்கால் பக்கத்தில் நமக்கு அருகில் இருக்கும் காது பின்னுக்கு நகர்கிறது, தூரத்துக் காது உச்சிக்கு ஏறுகிறது. முழுப் பக்கவாட்டில் ஒன்று உச்சியில் சற்று முன்னே, மற்றது பிடரிப் பக்கம்.

“மூக்குக்கும் வாய்க்கும் அளவு இருக்கும்மா. காதுக்கு அளவு கிடையாது. படம் நல்லா நிக்கிறதுக்கு எங்க வேணுமோ அங்க உக்காரும்” என்றார்.

இந்த மூன்று நிலையையும் ரிக்கில் ஏற்றினேன். தலை பார்க்கும் திசைக்கும் கேமராவுக்கும் இடையே உள்ள கோணத்தை ஒரு ‘டிரைவர்’, அதாவது ரிக்குக்குள் எழுதும் ஒரு சூத்திரம், கணக்கிடும். கோணத்துக்கு ஏற்பக் காது நிலை மாறும். நின்ற படமாகப் பார்த்தால் மூன்றும் அச்சாக மாமாவின் ஓவியம். ஆனால் தலையை மெல்லத் திருப்பினால் காதுகள் தண்ணீரில் மிதக்கும் எலுமிச்சம்பழம் மாதிரி மண்டை மேல் நழுவின. பார்க்கச் சகிக்கவில்லை.

இதே சிக்கலைப் பெரிய அளவில் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். 2015இல் ப்ளூ ஸ்கை ஸ்டுடியோ எடுத்த ‘தி பீனட்ஸ் மூவி’யில், ‘பீனட்ஸ்’ சித்திரக்கதையின் நாயகன் சார்லி பிரவுனின் தலை சில குறிப்பிட்ட கோணங்களில்தான் சரியாகத் தெரியும். சார்ல்ஸ் ஷுல்ஸ் 1950 முதல் 2000 வரை தாளில் வரைந்த முகம் அது. மற்ற கோணங்கள் அதற்குக் கிடையவே கிடையாது. அந்தக் குழு தலையை வழவழவென்று சுழல விடவில்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவ வைத்தார்கள். ஸ்டீவ் மார்ட்டினோ இயக்கிய அந்தப் படம் முழுக்க, கம்ப்யூட்டர் இலவசமாகத் தரும் வழவழப்பை மறுப்பதிலேயே பெரும் உழைப்பு போயிருக்கிறது. இந்த வேலையின் சாரம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பழைய ஓவியத்தில் ‘விவரம் குறைவு’ என்று எண்ணி நாம் எதையாவது சேர்க்கப் போனால் பாத்திரம் செத்துவிடும். ஓவியன் எதையெல்லாம் செய்யாமல் விட்டானோ அதைக் கண்டுபிடித்து, கருவியையும் செய்யவிடாமல் தடுக்க வேண்டும்.

அதனால் டிரைவரை மாற்றினேன். கோணத்தை மூன்று மண்டலமாகப் பிரித்தாகிவிட்டது. ஒரு மண்டலத்துக்குள் தலை எவ்வளவு அசைந்தாலும் காது இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லையைத் தாண்டும்போது ஒரே தாவல். தாவல் கண்ணை உறுத்தாமல் இருக்க, தலை திரும்பும் வழியில் சற்றே கீழே குனிந்து நிமிர வேண்டும், அந்தக் குனிவில் கண் இமைக்க வேண்டும். கையால் வரைந்த அனிமேஷனில் தலைத் திருப்பத்துக்கு இப்படிக் குனிவு வைப்பது பழைய வழக்கம். இமைப்பது மாமாவின் யோசனை. இரண்டும் சேர்ந்தபோது காது மாறியதே தெரியவில்லை.

நிழல் தனியாக ஒரு தொல்லை. கேமராவைப் பார்த்துத் திரும்பி நிற்கும் தட்டைக் காது, சுவரில் கோணலான நிழல் போடும். அதற்கு உருண்டைக் காதோடு இன்னொரு தலை செய்து அதே எலும்பில் கட்டினேன். அது கேமராவுக்குத் தெரியாது, நிழல் மட்டும் போடும். காட்சிக்குத் தெரியும் தலை நிழல் போடாது. பிளெண்டரில் இறுதிப் படத்தைக் கணக்கிட்டுத் தரும் ‘சைக்கிள்ஸ்’ பகுதியில், பொருளின் ‘ரே விசிபிலிட்டி’ என்ற இடத்தில் இந்த இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். லென்ஸும் முக்கியம். அகன்ற லென்ஸ் வைத்தால் திரையின் ஓரத்தில் வட்டம் நீள்வட்டமாக இழுபடும். 100 மி.மீ. வைத்து, கேமராவைத் தள்ளி நிறுத்தினோம்.

கண்ணுக்கு வந்தால், அது வெறும் கறுப்பு நீள்வட்டம். வெள்ளை விழி கிடையாது, கண்பாப்பா கிடையாது. ஆகவே எலி எங்கே பார்க்கிறது என்று காட்டக் கண்ணை உருட்ட முடியாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் காது மண்டலம் தாண்டும். ஒரு சின்னப் பார்வைக்கு இவ்வளவு செலவா என்று யோசித்து, முகத்தின் மேல் இரண்டு கண்ணும் சேர்ந்து கொஞ்சம் நகர வழி செய்தேன். கண் ஒரு தனி மெஷ், அதாவது தனி வடிவம். ‘ஷ்ரிங்க்ராப்’ என்ற பிளெண்டர் வசதியால் முகத்தோடு ஒட்டிக்கொண்டு வழுக்கும். மூக்கின் பக்கம் சற்று நகர்ந்தாலே ‘ஓரக்கண்ணால் பார்க்கிறான்’ என்று புரிகிறது. உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் கவனம், குறைத்தால் சலிப்பு. முழுநீளப் படத்தில் முகத்தை நெருங்கிக் காட்டும் ஷாட்கள் நிறைய வரும். அங்கே இந்த இரண்டு அசைவும்தான் நடிப்பு. அதனால் கண்ணை அசைக்கும் பிடிகளை மிக நுணுக்கமாக அசையும்படி வைத்தேன்.

கைகள் ரப்பர் குழாய்ப் பாணி; முழங்கை இல்லை. பிளெண்டரின் ‘பெண்டி போன்’ என்ற வளையும் எலும்பு இதற்கென்றே செய்தது போல் பொருந்தியது. நடுவில் ஒரு பிடி வைத்தால் கை வில்லாகவும் வளையும், பாம்பாகவும் நெளியும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: எலும்பை நீட்டும் ‘ஸ்ட்ரெச் டூ’வில் வால்யூம் (கன அளவு) காக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கை நீளும்போது மெலியும். பழைய ஓவியத்தில் கை எவ்வளவு நீண்டாலும் கோட்டின் பருமன் மாறாது.

உரோமம் வைத்தும் ஒரு சோதனை செய்தோம், ஏனென்றால் இன்றைய படம் என்றாலே எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ‘பீனட்ஸ்’ படத்தில் ஸ்னூப்பி நாய்க்கு உரோமம் கொடுத்தும் கோட்டோவிய உருவம் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் அது வெள்ளை நாய். கறுப்பு எலிக்கு உரோமம் வைத்தால் ஓரம் மங்கி, காதின் வட்டம் அழிந்தது. 2019இல் வீடியோ கேம் பாத்திரத்தை வைத்து எடுத்த ‘சோனிக்’ படத்தின் முன்னோட்டம் வந்தபோது, பாத்திரத்தை நிஜப் பிராணி போல் மாற்றியதற்கு ரசிகர்கள் கொதித்தார்கள். உருவத்தைத் திருத்திப் படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. உரோமத்தை எடுத்துவிட்டோம்.

பழைய பிலிமின் கீறல், தூசி, நடுக்கம் போன்றவற்றையும் சேர்க்கவில்லை. கீறல் பிரிண்டுக்கு வந்த காயம். அதை வரைந்தவர் போட்டதில்லை.

அசைவுக்கு வருவோம். விநாடிக்கு 24 பிரேம், ஒவ்வொரு நிலையும் இரண்டு பிரேமுக்கு நிற்கும். ஆக விநாடிக்கு 12 நிலை. தொழிலில் இதை ‘ட்டூஸ்’ என்போம். ‘பீனட்ஸ்’ படமும் இப்படித்தான். பிளெண்டரின் கிராஃப் எடிட்டரில், ஒவ்வொரு நிலையையும் சில பிரேம் பிடித்து நிறுத்தும் ‘ஸ்டெப்டு’ மாடிஃபையரை 2 என்று வைத்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். பாத்திரத்துக்கு முடிந்தது. ஆனால் ஷாட்டின் பின்பகுதியில் கேமரா மெல்ல நெருங்குகிறது, அது ஒவ்வொரு பிரேமிலும் நகர வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுவதும் திக்கும். கேமரா ஒவ்வொரு பிரேமும் நகர்ந்தால், அதைப் பார்த்தே நிற்கும் காதும் ஒவ்வொரு பிரேமும் அசைகிறது, தலையோ இரண்டு பிரேமுக்கு ஒருமுறை. விளைவு, காதில் மட்டும் மெல்லிய நடுக்கம். காதின் அசைவைப் பிரேம் பிரேமாகப் பதிந்து (இதை ‘பேக்’ செய்வது என்பார்கள்), அதற்கும் ஸ்டெப்டு போட்டபிறகு நின்றது. இந்தச் சிக்கலை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கேமராவைப் பார்க்கும் எதுவானாலும், பாத்திரத்தின் தாளத்துக்கே அதைக் கட்டுங்கள்.

தாளம் என்றதும் ஒலி. 1928இல் அந்தப் படத்தின் குழுவில் இருந்த வில்ஃப்ரெட் ஜாக்சன், சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியைக் கொண்டு ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கில்தான் ஓவியமும் இசையும் சேர்ந்தன. படம் முடியும் முன்பே செய்த ஒரு சோதனைக் காட்சிக்கு ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசிக்க, எலியை வரைந்த அப் அய்வர்க்ஸ் சட்டி பானைகளைத் தட்டினார். நாங்களும் அதே கணக்கில் இறங்கினோம். 12 பிரேமுக்கு ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. அது ஓட்டத்துக்கு நல்லது, தனிமைக்கு வேகம். 16 பிரேமுக்கு ஒன்று, நிமிடத்துக்கு 90 என்று வைத்தோம். 16 இரண்டால் வகுபடும் என்பதால் ட்டூஸுக்கும் பொருந்தும். மாமா எனாமல் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துத் தூரிகைக் காம்பால் தட்டினார். அல்சூர் தெருவில் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு போனிலேயே பதிவு செய்தோம். எலி முதல் தட்டைச் சற்றுப் பிந்தித் தட்ட வேண்டும் என்றார் மாமா.

“கேட்டுக் கத்துக்கிறவன் முதல் தடவையே சரியா போடமாட்டான்” என்றார்.

இரண்டு பிரேம் தள்ளி வைத்தேன். ஷாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். எலி யோசிக்கிறது என்பது அங்கேதான் தெரிகிறது.

வாய் மட்டும் மாடல் இல்லை. மாமா தாளில் தூரிகையால் போட்ட வாய்க் கோடுகளை, பிளெண்டரின் ‘கிரீஸ் பென்சில்’ என்ற கோடு வரையும் வசதியில், அவற்றின் மேலேயே டேப்லெட்டில் வரைந்து, முகத்தின் முன் நிறுத்தியிருக்கிறேன். உடலின் ஓரக்கோட்டுக்கு, மாடலின் நகலைக் கொஞ்சம் ஊதி உள்வெளியாகத் திருப்பும் பழைய உத்தி. பிளெண்டரின் ‘சாலிடிஃபை’ மாடிஃபையர் போதும். இரண்டின் பருமனும் ஒன்றுபட வேண்டுமே என்று எம்.ஜி. ரோட்டுக்கு அருகே உள்ள இந்தியக் கேலிச்சித்திரக்காரர்கள் நிறுவனத்தின் கேலரிக்குப் போய், மையில் வரைந்த கோடுகளை நெருங்கி நின்று பார்த்தோம். அச்சில் ஒரே பருமனாகத் தெரியும் கோடு, மூலத்தில் தொடக்கத்தில் மெலிந்து நடுவில் தடித்திருக்கிறது. வாய்க் கோடுகளுக்கு அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு, உடல் கோட்டைச் சீராகவே விட்டோம்.

ரெண்டர், அதாவது மாடலைக் கம்ப்யூட்டர் இறுதிப் படங்களாக மாற்றுவது பற்றிச் சுருக்கமாக. 20 விநாடிக்கு 480 பிரேம். முதல் 12 விநாடி கேமரா அசையாது. அங்கே பாத்திரத்தின் நிலை இரண்டு பிரேமுக்கு ஒன்று என்பதால் 288 பிரேமில் 144ஐ ரெண்டர் செய்து இரட்டிப்பாக்கினால் போதும். கடைசி 8 விநாடியின் 192ஐயும் முழுதாகச் செய்ய வேண்டும். மொத்தம் 336. கேமராவை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறோமோ அவ்வளவு மிச்சம், ஆனால் மிச்சத்துக்காக நிறுத்தவில்லை, எலி கேட்கும்வரை நாமும் அசையக் கூடாது என்பதற்காக. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கிராஃபிக்ஸ் கார்டு தாக்குப்பிடித்தது. வீடியோவாக இல்லாமல் பி.என்.ஜி. படங்களாக எடுத்ததால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.

முடிந்ததை மாமாவின் பேத்திக்குப் போட்டுக் காட்டினோம். அவள் அந்தப் பழைய படத்தைப் பார்த்ததில்லை. “மேல யாரு வாசிக்கிறாங்க?” என்று கேட்டாள். காதைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மேலே யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. முழுநீளக் கதை ஒன்றுக்கு அந்த ஆவல் இருந்தால் தொடங்கலாம்.

90 நிமிடம் என்றால் 1,29,600 பிரேம். ஒவ்வொரு ஷாட்டிலும் காது எந்த மண்டலத்தில் நிற்கிறது, எங்கே தாவுகிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும், அதை எந்த டிரைவரையும் நம்பி விட முடியாது. இயக்குநரும் கேமராவை இஷ்டத்துக்குச் சுழற்ற முடியாது. கதைப்பலகை போடும்போதே கோணங்களைப் பாத்திரத்தின் தலைக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ள வேண்டும். முப்பரிமாணப் படத்தில் இது பெரிய கட்டுப்பாடு, ஆனால் பழைய கார்ட்டூனைத் தொடுகிறவர்கள் இதற்குச் சம்மதித்துத்தான் இறங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னும் தீராதது மேலிருந்து பார்க்கும் கோணம். கேப்டன் படிக்கட்டில் நின்று கீழே எலியைப் பார்ப்பது அடுத்த ஷாட். அந்தக் கோணத்தில் மூன்று நிலையும் உதவவில்லை, இரண்டு காதும் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. மாமா நான்காவது தாளுக்குக் கட்டம் போட்டுவிட்டார். அதில் காதுகளைத் தோளுக்கு இறக்கிப் பார்த்திருக்கிறார், முகம் திறந்துகொள்கிறது. டிரைவருக்கு இப்போது ஒரு கோணம் போதாது, மேல் கீழ்க் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வரும் ஞாயிறு அதை எழுத உட்காருகிறேன்.